கப்பல் பிஸ்கட்

பிஸ்கட்டைக் கடித்துப் பல்லைப் பறிகொடுத்தவன் எங்கள் பழவேற்காட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதிலும், விழுந்த பல்லைத் தேடாமல் பிஸ்கட்டில் கீறல் விழுந்ததா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த அறிவாளி. விழவில்லை.

கப்பலில் வேலை பார்த்த மாமா லீவுக்கு வந்தபோது ஒரு பெரிய டின் கொண்டுவந்தார். கப்பலின் உயிர்காப்புப் படகில் இருந்த பிஸ்கட்டாம். தேதி நெருங்கியதால் புதிது வைத்துவிட்டுப் பழையதை இறக்கிவிட்டார்களாம். வெளிநாட்டுச் சாக்லேட்டுக்காக ஒரு வாரமாக வாயைத் தயாராக வைத்திருந்த நான் ஆசையாகக் கடித்தேன். பல் போனது அப்போதுதான். உம்மா ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே இது, ஊடு கட்டவா?"

டின் பரணுக்குப் போனது.

அந்த மாதமே பேய்மழை. ஆரணி ஆறு கரைபுரண்டு பொன்னேரிப் பாதையை விழுங்கியது. கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போன வாப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். அரிசி டிரம்முக்குள் சாக்கடைத் தண்ணீர். வீட்டில் உம்மா, மாமா, நான், பசி.

உம்மா டின்னை இறக்கினாள். அம்மிக் குழவியால் இடித்து, வெந்நீரில் சர்க்கரை போட்டுக் கிண்டினாள். கல் கூழாகிவிட்டது. அப்படி ஒரு ருசி! தண்ணீர் எப்போது வடியுமோ என்று ஆளுக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றினாள். மாமா தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீ துன்னுடா. கப்பல்ல தெனம் இதான் நாஷ்டா. பாத்தாலே பேஜாரா கீது."

நம்பினேன். அலுத்துப்போன மனிதருக்கு உதவுகிறோம் என்ற பெருமையோடு இரண்டு கிண்ணத்தையும் நக்கினேன். வாப்பா அரிசி மூட்டையோடு வந்து சேரும்வரை அந்த உதவியை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை. மாமா பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டு படுத்தே கிடந்தார். "மாமா சரியான சோம்பேறிம்மா" என்று கோள் வேறு சொன்னேன். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வளர்ந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஓர் உயிர்காப்புப் படகுக்குள் எட்டிப் பார்த்தேன். அதே மாதிரி டின். கப்பல் மூழ்கி, ஆட்கள் படகில் ஏறினாலொழிய அதை யாரும் தொடவே மாட்டார்களாம்.

அன்று மாலை பிரியாணிப் பொட்டலத்தோடு மாமா வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது நக்கல்.

"மாமா, உங்க கப்பல் தெனமுமா முழுகிச்சு?"

மாமா லெக் பீஸை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"பேசாம துன்னுடா."