ஒற்றைத் தும்மலும் ஒரு வாய்த் தண்ணீரும்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. வாயை மூடினால் மூச்சு முட்டிப் போகும் பிள்ளை. ஒரு வாய் சோறு தின்பாள், கையை நிறுத்தி மூச்சு வாங்குவாள், மறுபடி ஒரு வாய். கூப்பிட்டால் பாதி நேரம் காதில் விழாது. மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, மயக்கம் கொடுத்து வெட்டியெடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மயக்கத்தில் போன பிள்ளை கண் திறக்குமா? அந்த நாளுக்குள் எதையாவது செய்து பார்க்கலாம் என்று குவீன் ஸ்ட்ரீட்டில் இருந்த ஆயுர்வேத வைத்தியரிடம் ஓடினேன். அவர் சத்தியம் எதுவும் பண்ணவில்லை.

"வீக்கமா இருந்தா வத்தும்மா. சதையே தடிச்சிருந்தா டாக்டர்தான். மூச்சு இழுக்கையில நெஞ்சுக்குழி உள்ள போச்சுன்னா என்னைத் தேடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி."

காலையில் நொச்சி இலை போட்ட வெந்நீர் ஆவியில் வேது. பிறகு மூக்கில் சொட்டுச் சொட்டாக அணு தைலம். தேனில் குழைத்த திப்பிலி. தயிர், வாழைப்பழம், ஐஸ் உருண்டை எதுவும் ஆகாது.

"எண்ணெய விட்டா சதை கரையுமா? அது என்ன வெல்லமா?" என்பார் என் வீட்டுக்காரர்.

வெட்டும் நாளும் வந்தது. அன்றைக்கும் தைலத்தை விட்டுத்தான் தலை வாரினேன். வாசலில் ரிக்ஷாக்காரச் சீனர் "லெக்காஸ் லா!" என்று மலாயில் அவசரப்படுத்துகிறார். பிள்ளை படியில் கால் வைத்தாள். தும்மினாள். ஒரே ஒரு தும்மல்.

எதிர்வீட்டு அக்கா செம்போடு பாய்ந்து வந்தார். "ஐயோ, ஒத்தத் தும்மல்! உக்கார வச்சு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுக் கிளம்பு தங்கச்சி!" சொல்லி முடிக்குமுன் செம்பு பிள்ளையின் உதட்டில் இருந்தது. வெறும் வயிற்றோடு நின்ற பிள்ளை மடமடவென்று குடித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போனது. "பச்சத் தண்ணிகூட ஆகாதுன்னு நர்ஸ் மிஸ்ஸி படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சுக்குழல்ல ஏறிடுமாம்!"

"அதுக்கு, சகுனம் பாக்காம பிள்ளைய அனுப்பச் சொல்றீங்களா தம்பி?" என்றார் அக்கா.

போனோம். ரிக்ஷாவில் போகும் வழியெல்லாம் நான் பிள்ளையின் நெஞ்சுக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விஷயம் கேட்டதும் டாக்டர் சிடுசிடுத்தார். இன்றைக்கு வெட்ட முடியாது என்றார். வந்ததுதான் வந்தோம் என்று, பிள்ளையை வாய் மூடச் சொல்லி மூக்கடியில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்தார். முருகா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன்.

வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம் காசளவு மூச்சாவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. பிள்ளையின் வாய் மூடியேதான் இருந்தது.

"அடுத்த மாதம் கொண்டுவாருங்கள். அப்போதும் அடைத்தே இருந்தால் வெட்டத்தான் வேண்டும்" என்றார் டாக்டர். கத்தி தள்ளிப் போனது; போய்விடவில்லை.

திரும்பும் வழியில் ஐஸ் உருண்டைக்காரரைக் கண்டதும் பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"வேணாம் பாப்பா. வைத்தியர் ஏசுவாரு."