அந்தக் கை எதைப் பிடித்திருந்தது

பொம்மைக்கு அச்சு வெட்டுவதில் கன்ஸோவுக்கு மேல் ஒருவன் டோக்கியோவின் கட்சுஷிகா வட்டாரத்திலேயே கிடையாது. கன்ஸோவே சொல்லிக்கொள்வதுதான் என்றாலும் பொய் இல்லை. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்த ஆள், பிற்பாடு அதே பட்டறையை வாங்கி, வாசலில் தன் பெயரைப் பெரிதாக எழுதிப் போட்டார்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு கை ஆட்டி வைத்தது. பட்டாணி அளவு பிளாஸ்டிக் வலது கை. விரல்கள் மடங்கி, நடுவில் எதையோ கோத்துக்கொள்ள ஒரு துளை. பொம்மைக் கம்பெனி அனுப்பும் வரைபடத்தில் வெறும் எண்தான் இருக்கும், எந்தப் பொம்மைக்கு என்று இருக்காது. தலை ஒரு பட்டறைக்கு, உடம்பு இன்னொன்றுக்கு, கை மட்டும் இவருக்கு. மற்ற உருப்படிகளெல்லாம் ஒரு தடவையோடு நின்றுவிடும். இந்தக் கையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அது வாள் பிடித்த வீரனின் கை என்று பொதுக் குளியலறையில், வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்தபடி கன்ஸோ அடித்துச் சொல்லிவந்தார். பெயின்ட் கடை உராபேவுக்கு அது பொறுக்கவில்லை.

"வாளாவது? முள்ளங்கியா இருக்கும்யா. அகிஹபாரா பொம்மைக் கடையில போய்ப் பாத்துட்டு வந்து பேசு. வாள் இல்லேன்னா இத்தனை பேர் முன்னாடி நீ என் முதுகைத் தேய்க்கணும்."

"வாளா இருந்தா நீ தேய்க்கணும். நல்லா அழுத்தி," என்றார் கன்ஸோ.

சின்னவன் பெரியவனுக்குத்தான் முதுகு தேய்ப்பான். முதலாளி ஆன பிறகு கன்ஸோ யார் முதுகையும் தொட்டதில்லை.

அப்படித்தான், பக்கத்து ஷின்கொய்வா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் அகிஹபாராவுக்கு, இந்த வயதில் முதல் தடவையாகப் போனார். உட்கார இடமில்லை. தலைக்கு மேல் தொங்கிய வளையத்தைப் பிடித்து ஆடிக்கொண்டே போய் இறங்கினார்.

கட்டட உயரத்துக்குப் பெரிய கண்ணுள்ள பெண்கள் விளம்பரப் படங்களிலிருந்து பார்த்தார்கள். சந்துக்குள் திருகாணியும் ஒயரும் மட்டுமே விற்கிற கடைகளைப் பார்த்துப் பாதிப் பொழுது போயிற்று. வெளியே வந்தால், சுருக்கு வைத்த ஏப்ரன் கட்டி, வேலைக்காரி வேஷத்தில் காபிக் கடைக்கு ஆள் கூப்பிடும் ஒரு பெண் எதிரே நின்று, "வீட்டுக்கு வந்துட்டீங்களா, எஜமான்?" என்றாள். பழக்கத்தில், "வந்துட்டேம்மா," என்று சொல்லிவிட்டு, அவள் நீட்டிய நோட்டீஸோடு நழுவினார்.

பொம்மைக் கடையில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிப் பெட்டிகள். வீரர்களுக்குக் குறைவில்லை. பையில் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் கையை எடுத்து ஒவ்வொரு வாளோடும் ஒப்பிட்டார். வீரர்களின் விரல்கள் இறுகியிருந்தன, இவருடையது தளர்ந்திருந்தது. கடைசியில் கடைப்பெண் மினோரியிடம் நீட்டினார். பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ஐயா, இது தூங்குற அக்காவோட கை."

அவள் காட்டிய பெட்டியில், ஆபீஸ் உடுப்போடு ஒரு பெண், கண்ணை மூடி, வாயைத் திறந்து, ரயில் வளையத்தில் தொங்கியபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வாளு கீளு ஒண்ணும் இல்லையாம்மா?"

"இல்லீங்க. ஆனா இவ காலு கீழ படாது பாருங்க. இந்த ஒரு கைதான் மொத்த உடம்பையும் தாங்குது. இதே மாதிரி மத்ததெல்லாம் நழுவி விழுந்துடும். இவ விழ மாட்டா."

கன்ஸோ ஒன்றை வாங்கிக்கொண்டார். திரும்பும் ரயிலிலும் வளையம்தான். அண்ணாந்து தன் கையைப் பார்த்தார். சுண்டுவிரல் மட்டும் லேசாக விலகியிருந்தது, அச்சில் இருப்பது போலவே.

வாள்தான் என்று சொல்லிவிட்டால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அந்தக் கையை எடுத்துக் காட்டாமல் எப்படி இருப்பது? குளியலறையில், உராபேவுக்கு எதிரே இருந்த குழாயில் பொம்மையை மாட்டிச் சுண்டிவிட்டார். ஆடியது, விழவில்லை.

"வாளைக் கீழ போட்டாலும் வீரன் நிப்பான். இவ கையை விட்டா போச்சு. எந்தக் கையை வெட்றது கஷ்டம், நீயே சொல்லு."

"அதெல்லாம் சரி," என்று உராபே திரும்பி உட்கார்ந்தார். "முதுகு."

கன்ஸோ துண்டில் சோப்பைக் குழைத்து, நன்றாக அழுத்தியே தேய்த்தார். உராபே பொம்மையை மறுபடி மறுபடி சுண்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.