லயத்துக்கு ஏது தபால் குறியீடு?

இன்று பண்டாரவளை கொமியூனிகேஷன் கடையில், மூன்றாம் நம்பர் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்!

(பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தவர் எழும்பி வேறு கதிரைக்குப் போய்விட்டார். பாவம்.)

என் ஒன்லைன் கேக் கடையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டிலோ கொழும்பிலோ வேலை செய்கிறவர்கள் இணையத்தில் ஓர்டர் கொடுத்தால், நான் கேக் செய்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

எனக்குக் கொம்பியூட்டரை ஓன் பண்ணத் தெரியும், ஓஃப் பண்ணத் தெரியும். இடையில் உள்ளதெல்லாம் கடவுள் விட்ட வழி!

ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளம், இலவசமாகக் கடை கட்டித் தருகிறேன் என்றது. 'அடுத்து, அடுத்து' என்று அமுக்கிக்கொண்டே போனேன். கடை வந்துவிட்டது.

ஓர்டர்தான் வரவில்லை. ஐந்து மாதம். ஒன்றுகூட இல்லை.

தம்பி குடும்பம் கொழும்புக்குப் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். சில நாட்களில் கடைக்குப் போய் "சீனி ஒரு கிலோ" என்று கேட்கும்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக என் குரலை நானே கேட்கிறேன்.

வருமானத்துக்காக ஆரம்பித்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில், யாராவது ஒருவர் என்னைத் தேடட்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

யாருமே தேடவில்லை. அதனால் இன்று கடையை மூடிவிடப் போனேன்.

மூடும் முன்னால், ஓர்டர் கணக்கில் நின்ற பூச்சியத்தை ஒன்றாக்கிவிட ஒரு நப்பாசை. பசறைப் பக்கத் தோட்டத்தில், நாங்கள் பிறந்த அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் அக்காவுக்கு, என் கடையில் நானே ஒரு கேக் ஓர்டர் பண்ணினேன். (சிரிக்காதீர்கள்!)

ஓர்டர் போர்ம் போக மறுத்தது. சிவப்புக் கோடு. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் சிவப்புக் கோடு.

கடைக்கார முஸ்லிம் அண்ணனைக் கூப்பிட்டேன்; எல்லாருக்கும் அவர் 'நானா'.

"தபால் குறியீடு போடணும் தங்கச்சி. போடாட்டி விடாது."

"அது எனக்குத் தெரியாதுங்களே நானா."

"அக்காட தெருப் பேரு? அதுவும் கேக்குதே."

"லயத்துக்கு ஏதுங்க தெரு? ஒவ்வொரு அறைக்கும் காம்பரா நம்பருதான் இருக்கு. காயிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும்."

நானா என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப உங்கட கடையில யாரு தங்கச்சி ஓர்டர் போடுற?"

ஆரம்பத்தில் என் டவுன் வீட்டு முகவரியைப் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வேலை செய்தது. லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, லயத்துக்குத் தெரு இல்லை என்பதே மறந்துபோயிருக்கிறது! வெட்கமாக இருந்தது.

நானா திரையின் மூலையில் இருந்த ஒரு சின்னப் படத்தைக் காட்டினார். "இது என்னண்டு எப்பவாவது திறந்து பாத்தீங்களா?"

"குப்பைன்னு நெனச்சேன் நானா."

திறந்தார். பாதியில் நின்றுபோன ஓர்டர்கள். ஒன்பது பேர்!

எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். தெருப் பெயர் கேட்ட இடத்தில் ஒருவர் 'கோயிலுக்குக் கீழ' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'தண்ணிப் பீலிக்குப் பக்கத்துல'. தபால் குறியீடு கேட்ட இடத்தில், 'தெரியாதுங்க'.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் செல்வி என்ற பெண், ஒரே நாளில் நான்கு தடவை முயன்றிருந்தாள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் மகனின் பிறந்த நாளுக்கு. அந்த நாள் போய் மூன்று வாரம் ஆகிறது.

அப்போதுதான் அழுதேன்.

ஐந்து மாதமாக யாரும் என்னைத் தேடவில்லை என்று இங்கே நான் அழுதுகொண்டிருந்தேன். அவர்களோ வந்து, தட்டி, கதவு திறக்காமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

செல்வி போன் நம்பரும் போட்டிருந்தாள். கடையில் இருந்த கண்ணாடி டெலிபோன் கூண்டுக்குள் போய்க் குவைத்துக்கு அடித்தேன். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"யாருங்க?"

"கேக் கடைங்க, பண்டாரவளைல இருந்து. போர்ம்ல பிழை எங்க பக்கந்தாங்க. மன்னிச்சிருங்க."



"பரவாயில்லங்க. நான்தான் என்னமோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன்."

"மகனுக்கு இப்பவாவது கொண்டு போய்க் குடுக்கவாங்க?"

"அவனோட நாளு போயிருச்சுங்க. வர்ற வெள்ளிக்கிழமை எனக்குப் பொறந்த நாளு. இங்க யாருக்கும் தெரியாது. அதுக்குக் குடுங்க. அவன் வெட்டட்டும்."

"குடுக்கிறேங்க. கேக்ல என்ன எழுத? 'அம்மா'ன்னு எழுதட்டுமா?"

"வேணாங்க. செல்வின்னு எழுதுங்க. அவன் இப்ப எழுத்துக் கூட்டி வாசிப்பான். சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. இங்க என்னைய யாரும் பேர் சொல்லிக் கூப்புடுறதில்ல."

"ம்" என்றேன்.

வைக்கும் முன்னால் அவள் கேட்டாள்: "உங்க பேரு என்னங்க?"

"சரஸ்வதி. வீட்டுல சரசுன்னு கூப்புடுவாங்க."

"சரி சரசக்கா. பாத்துப் போங்க, லுணுகலை ரோடு முழுக்க வளைவு."

கூண்டை விட்டு வெளியே வந்தேன்.

நானா அதற்குள் போர்மில் இருந்து அந்த இரண்டு பெட்டிகளையும் தூக்கிவிட்டு, 'வீட்டுக்கு வழி சொல்லுங்கள்' என்று ஒரு பெட்டி வைத்துத் தந்தார். நன்றி நானா! மற்ற எட்டுப் பேருக்கும் நாளை எழுதப்போகிறேன். கடையை மூடவில்லை.

இந்த வலைப்பதிவை வாசிக்கும் பன்னிரண்டு பேருக்கும் (அதில் நாலு பேர் நானே!) ஒரு வேண்டுகோள்.

வெள்ளிக்கிழமை காலை, பதுளையில் இருந்து போகும் லுணுகலை பஸ்ஸில், மடியில் கேக் பெட்டியோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அது நான்தான்.

சரசு என்று கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்!