விளக்கடிச் சாமந்தி

செழித்து நிற்கும் செடியைப் பார்த்து எரிச்சல் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். போன கார்த்திகையில் எனக்கு வந்தது. தொண்டூரில் ரோட்டை ஒட்டி எங்களுக்கு முப்பது சென்ட் நிலம். உள்பக்கத்துச் சாமந்தியெல்லாம் பூத்து, செஞ்சி பூக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டுப் பக்கத்துப் பாதி மட்டும் கருகருவென்று தழைத்து, பேருக்குக்கூட ஒரு மொட்டு வைக்காமல் நின்றது. ஒரே நாற்று, ஒரே நாளில் நட்டது, ஒரே கிணற்றுத் தண்ணீர். பொங்கல் வரைக்கும் வரும் பூவை நம்பித்தான் குடும்பமே இருந்தது. வயிறு எரியாதா?

முதலில் நாற்று கொடுத்தவரைத் திட்டினேன். அடுத்து என் மனைவியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரோட்டுப் பக்கம் யூரியாவ அள்ளிக் கொட்டிட்டியா?"

"உள்ள போட்டதத்தான் அங்கயும் போட்டேன். எம்மேல ஏன் பாயற?"

பக்கத்து நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ரோட்டோரம் இல்ல? பஸ்ல போறவன் வரவன் கண்ணெல்லாம் இதுமேலதான்" என்றார். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. கண் படுகிற இடத்தில்தானே பூ இல்லை! ஒரு பூசணிக்காயில் முட்டைக் கண்ணும் மீசையும் வரைந்து, எல்லார் பார்வையும் அதில் விழட்டும் என்று தெருவிளக்குக் கம்பத்தில் உயரமாகக் கட்டினேன்.

அந்த விளக்கு வந்ததே என்னால்தான். என் மகளுக்கு செஞ்சி கடைவீதியில் மருந்துக் கடை வேலை. ஏழு மணி பஸ்ஸில் இறங்கி, எங்கள் நிலத்தோரமாக வீட்டுக்கு நடந்து வருவாள். வழியெல்லாம் இருட்டு, பாம்பு, மதகில் உட்கார்ந்து குடிக்கும் கூட்டம். விளக்கு வேண்டும் என்று இரண்டு வருஷம் மனு எழுதினேன். ஒரு கிராம சபை விடாமல் எழுந்து கத்தினேன். ஆடியில் விளக்கு எரிந்தபோது ஊரில் நான் நடந்த நடையே வேறு.

தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து வந்த மேடம் செடியைத் தொடக்கூட இல்லை. பூசணிக்காயை அண்ணாந்து பார்த்தவர், அதற்கு மேலே இருந்த விளக்கையும் பார்த்தார்.

"இது எத்தன மணி வரைக்கும் எரியும்?"

"விடிய விடிய எரியுங்க மேடம்" என்றேன், பெருமையாக.

"அதாங்க. சாமந்திக்கு ராத்திரி நீளமா, நல்ல இருட்டா இருக்கணும். அப்பதான் எலை விடறத நிறுத்திட்டு மொட்டு வைக்கும். இந்த வெளிச்சத்துல அதுக்கு இன்னும் கோடைக்காலம்தான்."

மகள் வந்து சேர்ந்த பிறகு அணைத்தால் போதாதா என்று கேட்டதற்கு, பொழுது சாய்ந்ததிலிருந்தே இருட்டாக இருக்கவேண்டும் என்றார். இப்போதே அணைத்தாலும் பூ விரிய இரண்டு மாதம் ஆகும், பொங்கலுக்குக் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கை அணைத்தால் மகள் இருட்டில் வரவேண்டும். அணைக்காவிட்டால் மாசியிலும் வெறும் தழைதான். மூன்று நாள் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். குழம்பில் உப்பு சரியாக இருந்ததற்குக்கூடக் கோபம் வந்தது.

நான்காம் நாள் பொழுது சாய்ந்தும் விளக்கு எரியவில்லை. சுவிட்ச் போடுகிற பஞ்சாயத்து ஆளிடம் மகளே சொல்லி நிறுத்தியிருந்தாள். விஷயம் தெரிந்து போனில் கூப்பிட்டேன்.

"மாசிலயாவது பூக்கட்டும் நைனா. எங்கிட்ட போன் லைட் இருக்குது" என்றாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். இறங்கியவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா நைனா, இங்க வந்து நிக்கிற?"

"இருட்டா இருக்குதில்ல. பூ வர்ற வரைக்கும் தெனம் வரேன்."

மதகைத் தாண்டும்போது கேட்டாள்.

"ரெண்டு வருஷம் மனு எழுதினியே நைனா. அப்ப ஒரு நாளாவது இந்த மாதிரி வந்து நின்னிருக்கலாமில்ல?"

வெளிச்சத்தை அவள் காலடியில் அடித்தபடி நடந்தேன். எவ்வளவு பயந்து வந்திருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.