ஆறாவது மட்டத்து ஆள்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. என்னோடு இருந்த கோஸ்டிகா இன்றும் உயிரோடு இருக்கிறான். கேட்டால் அவனும் ஆமாம் என்பான். ஆனால் ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான்.

எங்கள் பள்ளத்தாக்கில் நிலக்கரிதான் எல்லாம். என் அப்பா சிமியோன் சுரங்கத்தில் வேலை செய்தார். எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது ஆறாவது மட்டத்தில் வாயு வெடித்தது. அவரை வெளியே எடுக்க முடியவில்லை. அந்த மட்டத்தைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். கீழே இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு வில்லை உண்டு; அவருடைய வில்லை எண் 218. விளக்கு அறையில் அந்த எண்ணுக்கு உரிய கொக்கியில் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கும். இறந்தவனின் கொக்கியில் யாரும் விளக்கு மாட்டுவதில்லை. இங்கே அப்படித்தான்.

நான் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. அதே சுரங்கத்தில், விளக்கு அறைக்கு மேல்மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் எதிர் மேஜை கிரினாவுடையது.

கிரினாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பெண். என் வயது. அப்பா வேலை முடிந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஆரம்பிப்பார். "டேய் அவுரெல், அந்தப் பொண்ணைப் பாரு. கணக்குல பத்துக்குப் பத்து. உனக்கு என்ன கேடு?" சம்பள நாளில் இரண்டு சாக்லேட் வாங்கி வருவார். ஒன்று எனக்கு. ஒன்று அவளுக்கு. அவளுக்கு எதற்கு? அவளுக்கு அப்பன் இல்லையா? நான் கேட்டதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

இப்போது அதே கிரினாவும் நானும் ஒரே நாற்காலிக்குப் போட்டி. குழுத் தலைவர் பதவி. வெள்ளிக்கிழமைக்குள் யாருடைய பட்டியல் சரியாக வருகிறதோ அவருக்கு என்று பொறியாளரம்மா சொல்லிவிட்டார்.

பட்டியல் என்றால், இந்த நிமிடத்தில் பூமிக்கடியில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல். சுரங்கத்துக்கு இரண்டு வாய். பழையது, புதியது. இரண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். இரண்டிலும் கேட்டு வரும் பதில்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கேள்வியை நேராக எழுதமாட்டோம். புரோகிராமுக்குள்ளேயே துண்டு துண்டாகக் கட்டுவோம். இந்த வாயில் கேள், அந்த வாயில் கேள், இரண்டையும் சேர். செங்கல் வைத்துச் சுவர் எழுப்புகிற மாதிரி.

அந்தச் "சேர்" என்ற இடத்தில்தான் ஆபத்து. சாதாரணமாகச் சேர்த்தால், அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வரிகளை அது ஒன்றாக்கிவிடும். எங்கள் ஊரில் பெரியப்பன் மகனுக்கும் சித்தப்பன் மகனுக்கும் தாத்தா பேரையே வைப்பார்கள். ஒரே பேர், ஒரே மட்டம், ஒரே ஷிப்ட். வில்லை எண்ணைக் கேட்காமல் விட்டால் இரண்டு மனிதர்கள் ஒரு மனிதன் ஆகிவிடுவார்கள். சுரங்க வாசலில் உள்ள பலகை ஓர் ஆளைக் குறைத்துக் காட்டும். விபத்து நடந்தால் ஒருவனை எடுத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்; இன்னொருவன் கீழேயே கிடப்பான்.

கிரினா அந்தத் தப்பைச் செய்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

அன்று டிசம்பர். வியாழக்கிழமை. நாலரைக்கே இருட்டிவிட்டது. கிரினா பல் பிடுங்கப் போயிருந்தாள். அவளுடைய இயந்திரத்தில் அவளுடைய பட்டியலை ஓட்டிப் பார்த்தேன். பழைய வாயில் 41 பேர். புதியதில் 36. மொத்தம் 77 வர வேண்டும். அவள் தப்புச் செய்திருந்தால் குறையும்.

வந்தது 78.

குறையவில்லை. கூடியிருந்தது.

கூட முடியாது. இரண்டு வாளித் தண்ணீரை ஒரு தொட்டியில் ஊற்றினால் மூன்றாவது வாளித் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஆனாலும் எனக்குச் சந்தோஷம். மாட்டினாள் என்று தொடையில் தட்டிக்கொண்டேன். கூடுதலான வரியைத் தேடினேன்.

சிமியோன். வில்லை 218. ஆறாவது மட்டம். எந்த வாய் வழியாக இறங்கினான் என்ற இடம்... காலி.

முதலில் வந்தது கோபம்தான். சோதனைக்கு என் அப்பன் பேரா கிடைத்தது இவளுக்கு? போன் போட்டேன்.

"கிரினா, 218 என்னது?"

வாய் மரத்திருந்தது அவளுக்கு. குழறினாள். "அவரைப் பாத்துட்டியா..."

"நீ போட்டதா?"

"பைத்தியமாடா உனக்கு? நான் ஏன் போடறேன்? முதல் வாரத்துலேருந்தே இருக்காரு. சாயங்காலம் வருவாரு. ஏழுக்குள்ள போயிடுவாரு. ஒண்ணும் பண்ணாதே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிடா சொல்றது உன்கிட்ட?"

போனை வைத்தேன். என் இயந்திரத்தில் என் பட்டியலை ஓட்டினேன். 77. அவளுடையதை ஓட்டினேன். 78. அவள் எழுதியதை ஒரு புள்ளி மாறாமல் என் இயந்திரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினேன்.

77.

அவளுடைய மேஜையில் வருகிறார். என்னுடையதில் வரவில்லை.

ஷிப்ட் முடிந்தது. ஆட்கள் மேலே வந்தார்கள். கீழே இருமலும் சிரிப்பும் கேட்டன. விளக்குகளை மாட்டிவிட்டுப் போனார்கள். 41 பூஜ்யமானது. 36 பூஜ்யமானது. கிரினாவின் பட்டியலில் மட்டும் ஒன்று நின்றது.

அன்றைக்குப் பலகையில் அவளுடைய பட்டியல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கீழிருந்து கோஸ்டிகா கத்தினான். ஆட்கள் ஏறி இறங்கும் கூண்டை இயக்குபவன் அவன். பலகை பூஜ்யம் காட்டாமல் அவன் வீட்டுக்குப் போகக் கூடாது.

"டேய், சிமியோன் மவனே! ஒண்ணு காட்டுதுடா! எவன்டா அவன், கீழ பொண்டாட்டி வச்சிருக்கானா?"

இறங்கிப் போனேன். "கம்ப்யூட்டர் கோளாறு அண்ணே" என்றேன்.

அப்போது மணி அடித்தது.

கீழே இருந்து. ஆள் ஏறுகிறான் என்பதற்கான மணி.

கோஸ்டிகா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கடிகாரத்தில் 5:52.

"எந்த மட்டம் அண்ணே?"

அவன் மட்ட எண்களின் வரிசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்த இடத்தைக் காட்டினான். ஆறு.

அங்கே மணியே கிடையாது. கான்கிரீட்தான் உண்டு.

ஆனால் மணி அடித்தால் தூக்க வேண்டும். அவன் கை பழக்கத்தில் தானாக நெம்புகோலுக்குப் போனது. கம்பிவடம் முனகியது. எடை காட்டும் முள் வெற்றுக் கூண்டின் கோட்டைத் தாண்டி நின்றது. ஓர் ஆளின் எடை.

கூண்டு வந்தது.

கதவு திறந்தது.

யாரும் இல்லை.

முள் மட்டும் மெல்ல... மெல்ல... வெற்றுக் கோட்டுக்கு இறங்கியது. யாரோ இறங்கியது போல.

அப்பா சாப்பாட்டோடு கடிக்கும் பச்சை வெங்காயத்தின் வாடை. ஈரக் கரி வாடை. என்னை உரசிக்கொண்டு போனது. நிற்கவில்லை.

விளக்கு அறையில் க்ளிக் என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். கறுப்புக் கொக்கியில் ஒரு பழைய விளக்கு தொங்கியது. தொட்டேன். கண்ணாடி சுட்டது.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

ஏறினேன். எதற்கு ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. அறை வாசலில் நின்றேன்.

கிரினாவின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. க்ரீச். உட்காருகிற ஆளின் பாரத்தில் தாழ்ந்தது.

என் நாற்காலி இந்தப் பக்கம்தான் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில். அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார்.

வருஷம் தவறாமல் எங்கள் வழக்கப்படி அவர் பேரில் கோதுமை வேகவைத்துக் கோயிலில் கொடுப்பவன் நான். மெழுகுவத்தி ஏற்றுபவன் நான்.

"அப்பா" என்றேன்.

நாற்காலி திரும்பவில்லை.

"அப்பா, நான்தான்... அவுரெல்."

திரும்பவில்லை.

திரையில் அந்த வரி மறைந்தது. பூஜ்யம். நாற்காலி மேலே எழும்பியது.

கீழே கோஸ்டிகா கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவது கேட்டது.

மறுநாள் கிரினா வீங்கிய கன்னத்தோடு பொறியாளரம்மாவிடம் போனாள். "என் பட்டியல்ல ஒண்ணு கூடுது. அவனோடது சரியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். பதவி எனக்கு. ஒரு மாதத்தில் அவள் வேலையை விட்டுவிட்டுத் திமிசோவாரா நகரத்துக்குப் போனாள். ஏதோ ரொட்டிக் கம்பெனியில் வேலை. அவளுடைய மேஜையை நான் எடுத்துக்கொண்டேன். அவளுடைய இயந்திரத்தையும். அவள் எழுதிய புரோகிராமையும் அப்படியே வைத்திருக்கிறேன். வீட்டுக்குக் கிளம்புமுன் தினமும் ஓட்டுவேன். கணக்கு சரியாக வரும். ஒருநாள்கூடக் கூடியதில்லை.

போன மார்ச்சில் அவள் போன் செய்தாள்.

"அவுரெல்... இங்க ரெண்டு பேக்கரி. ரெண்டு வேலையாள் பட்டியலையும் சேத்து எழுதினேன்டா."

"சரி. அதுக்கு?"

"ஒண்ணு கூட வருது."

"வில்லை எண்?"

"இங்க வில்லை, மட்டம் எதுவும் கிடையாது. பேரு இருக்கு. வேலைக்குச் சேந்த தேதி இருக்கு." குரல் உடைந்தது. "நான் சேந்த அதே நாள்டா."

"பேரு?"

"உனக்குத் தெரியாதா?"

பிறகு அவளே கேட்டாள். "அவர்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமாடா?"

போனை வைத்துவிட்டேன்.

பட்டியலை ஓட்டினேன். பழைய வாய், பூஜ்யம். புதிய வாய், பூஜ்யம். சேர்த்தேன்.

பூஜ்யம்.