மைனியின் கோழிக்கூட்டு எஸ்டிமேட்

என் பீரோவில், பென்ஷன் புத்தகத்துக்கு அடியில், நான்காக மடித்த ஒரு முழுநீளத் தாள் இருக்கிறது. மடிப்புகள் நைந்து கிழிந்துவிட்டதால் நானே இரண்டு முறை டேப் ஒட்டியிருக்கிறேன். முன்பக்கம் என் அண்ணனின் கையெழுத்து. அளவுகோல் வைத்து அடித்த கோடுகள், வரிசை எண்கள், அடியில் கூட்டுத்தொகை நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். பின்பக்கம் மைனியின் உருண்டை எழுத்து. கோடு கிடையாது, எண் கிடையாது, கூட்டுத்தொகை நூற்றைம்பது. இரண்டு பக்கமும் ஒரே கோழிக்கூட்டுக்குத்தான் போடப்பட்டவை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். நான் இன்றைக்குப் பென்ஷன் வாங்குவதற்குக் காரணம் அந்தப் பின்பக்கம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த எழுபதுகள் அவை. அண்ணன் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் எஸ்டிமேட் எழுதுகிற வேலையில் இருந்தான். கல் எத்தனை லாரி, சிமெண்ட் எத்தனை மூட்டை என்று நாளெல்லாம் எழுதி எழுதி, வீட்டுக்கு வந்தாலும் உளுந்து வாங்குவதற்குக்கூடப் பென்சிலைக் காதிலிருந்து எடுப்பான். அப்பா அம்மா இல்லாத எனக்கு அவன்தான் எல்லாம். நான் எஸ்எஸ்எல்சி முடித்திருந்தேன். அடுத்த ஜூனில் நாசரேத்தில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்பது என் ஆசை. சேர்க்கைப் பணத்தை அண்ணன் எப்படியாவது புரட்டிவிடுவான். ஹாஸ்டல் மெஸ் பணம் மாதம் நாற்பது ரூபாய், அதுவும் இரண்டு வருஷத்துக்கு, அவன் சம்பளத்தில் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவனுக்கு ஒரே யோசனைதான் சொன்னார்கள்: நல்ல மாப்பிள்ளையாகப் பார்த்து முடித்துவிடு, படிப்புச் செலவு மிச்சம்.

மைனி சாத்தான்குளத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் தையல் டீச்சராக இருந்து சேர்த்த நூற்றைம்பது ரூபாய் தபால் ஆபீஸ் பாஸ்புக்கில் கிடந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இவளுக்கு மெஸ் பணத்த நான் பாத்துக்கிடுதேன். வீட்டுக்குப் பின்னால கோழி வளக்கப் போறேன்" என்றாள். அண்ணனுக்குப் புரை ஏறியது.

"ஏளா, கோழி வளக்கதுன்னா லேசுன்னு நெனச்சியா? மொதல்ல கூடு வேணும், அது மேய அடைப்பு வேணும். எவ்வளவு ஆகும் தெரியுமா?"

"தெரியாது. ஹார்பருக்கே எஸ்டிமேட் போடுதவுக நீங்க, போட்டுத்தான் குடுங்களேன்."

அண்ணன் ரோஷக்காரன். கை கழுவிவிட்டு உட்கார்ந்தவன் ஒரே மூச்சில் எழுதி முடித்தான். அஸ்திவாரம் தோண்ட இத்தனை, செங்கல் இத்தனை, இரும்பு வலை, ஆங்கிள் கம்பி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஆற்று மணல் இரண்டு வண்டி இருபத்தெட்டு ரூபாய், கடைசியில் எதிர்பாராச் செலவுக்கு ஐந்து சதவீதம். மைனி ஒவ்வொன்றாக வாசித்தாள். ஆற்று மணலில் வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கோழி என்ன தாமிரவருணி மணல்லதான் நடப்பேன்னு அடம் பிடிக்குதா? கூப்பிடு தூரத்துல கடல் கெடக்கு. இனாமா அள்ளிட்டு வர வேண்டியதுதானே?"

பிறகு தாளைத் திருப்பிப் போட்டு அவள் கணக்கை எழுதினாள். அவளுடைய எஸ்டிமேட்டில் கடைச் சரக்கு என்று அதிகம் இல்லை. துறைமுகத்துக்கு இயந்திரங்கள் வந்த மரப்பெட்டிகளை உடைத்து எடைக்கு விற்றார்கள்; அந்தப் பலகைக்கு முப்பத்திரண்டு ரூபாய். கூரைக்குப் பனங்கை பன்னிரண்டு, ஓலை எட்டு. இரும்பு வலை இந்த உப்புக்காற்றில் இரண்டு வருஷம் தாங்காது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அதனால் புன்னைக்காயலில் மீனவர்கள் கழித்துப் போட்ட நைலான் வலை பத்து ரூபாய். வலையைக் கீரி கடித்துவிடுமே என்று அண்ணன் மடக்கினான். கொல்லையில் சும்மா கிடக்கிற உடைந்த செங்கலும் மண்ணும் வைத்துக் கீழே இரண்டடிக்குச் சுவர், அதற்கு மேல்தான் வலை என்றாள். ஆணி, கீல், கொண்டி ஆறு. கொத்தனாருக்கு அரைநாள் கூலி ஏழு. மணல் இனாம். வெள்ளைக் கோழிப் பெட்டைகள், முட்டைக்கு வராத இளசு, பன்னிரண்டுக்கு அறுபது. கூட்டிப் பார்த்தாள், நூற்று முப்பத்தைந்து வந்தது. மிச்சப் பதினைந்துக்கும் ஒரு வரி எழுதினாள்: மறந்தது, பதினைந்து ரூபாய்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "மறந்ததுக்கு எவளாவது எஸ்டிமேட் போடுவாளா?"

"நீங்க அஞ்சு சதவீதம் போட்டிருக்கீகளே, அது மட்டும் என்னவாம்?"

அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

ஆவணியில் வேலையை ஆரம்பித்தோம். கொத்தனார் அரைநாளில் சுவரை எழுப்பிவிட்டுப் போனார். மற்றதெல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான்; ரோஷத்தில் அண்ணன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வலையை மூன்று நாள் ஊறப்போட்டு அலசியும் மீன் வாடை போகவில்லை. தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் ஜெபக்கூட்டத்துக்கு வந்தது மாதிரி அடைப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. கடற்கரையிலிருந்து கூடை கூடையாக மணல் சுமந்து தரையில் முக்கால் அடிக்கு நிரப்பினோம், மிச்சத்தைச் சுவர்ப் பூச்சுக்கும் குழைத்தோம். கடல் மணலில் வீடு கட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். தேரிக்காட்டுச் செம்மண்ணில் வளர்ந்த மைனிக்குத்தான் தெரியாது. நானாவது சொல்லியிருக்கலாம். கோழிக்குத்தானே என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஐப்பசி மழை வந்ததும் தெரிந்துபோயிற்று. மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தாலும் கூட்டுத் தரை மட்டும் காயவில்லை, வேர்த்துக்கொண்டே இருந்தது. சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. கோழிகள் அதைக் கொத்தித் தின்றுவிட்டுத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தன, கழிச்சல் கண்டு சுருண்டு உட்கார்ந்தன. ஒரே வாரத்தில் இரண்டு செத்தன. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, ஈரத்தையும் உப்பையும் எடுக்காவிட்டால் ஒன்றுகூட மிஞ்சாது என்று சொல்லிப் போனார். நான் அழுதேன். செத்த கோழிக்காகவா, போன நாசரேத்துக்காகவா என்று கேட்டால், நாசரேத்துக்காகத்தான். மைனி அழவில்லை. செத்த இரண்டையும் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, அந்தத் தாளை எடுத்து, முதல் தடவையாக அண்ணன் எழுதிய பக்கத்தைச் சிரிக்காமல் நிதானமாக வாசித்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். வெற்றிக் களிப்போடு வந்தவன் மாதிரித் தெரியவில்லை; கூட்டுக்குள் குனிந்து மணலை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினான். "நீங்க எழுதுனதுல ஒண்ணு சரி" என்றாள் மைனி. "ஆத்து மணலு. ஆனா ரெண்டு வண்டி எதுக்கு? பெட்டிப் பலகை மிச்சம் இருக்கு. பரண் மாதிரி அடிச்சு ராத்திரிக்கு மேல ஏத்திட்டா, தரைக்கு ஒரு வண்டி போதும்."

"வண்டி பதினாலு ரூபா ஆகும். துட்டு?"

மைனி தாளைத் திருப்பிக் காட்டினாள். மறந்தது, பதினைந்து ரூபாய். எனக்கு அந்த நிமிஷத்தில் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பதினாலு ரூபாய்க்கு ஒரு மாட்டுவண்டி ஆற்று மணல் வந்து இறங்கியது. மிச்சமிருந்த ஒரு ரூபாய்க்குச் சுண்ணாம்பு வாங்கினோம். இரண்டு நாள் விடுப்புப் போட்டு அண்ணனே கடல் மணலைச் சுமந்து வெளியேற்றினான், பூச்சைச் சுரண்டினான், பரணும் அடித்தான். எஸ்டிமேட் எழுதுகிறவனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்று மைனி கேலி செய்தபடி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கிறிஸ்துமஸுக்குள் தரை பொலபொலவென்று காய்ந்து கிடந்தது. பத்துக் கோழியும் தேறி மாசியில் முட்டையிட ஆரம்பித்தன.

முதல் பன்னிரண்டு முட்டைகளை மைனி விற்கவில்லை. முதற்பலன் ஆண்டவருக்கு என்று கூடையில் அடுக்கி அந்த வருஷத்து ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். காணிக்கைப் பொருளை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். வெளியே முட்டை முப்பது காசு. கூடையைத் தூக்கிக் காட்டியதும் முட்டை வெள்ளையும் முந்திரியும் அடித்து மக்ரூன் போடுகிற பேக்கரி அண்ணாச்சி ஒரு குரல் கொடுத்தார், ஐந்து ரூபாய் என்று. ஆறு என்று இன்னொரு குரல் கேட்டுத் திரும்பினால், அண்ணன்! அண்ணாச்சி ஏழு என்றார், அண்ணன் எட்டு என்றான். அவன் சட்டைப் பையில் எட்டு ரூபாய் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலே, ஒன் வீட்டு முட்டைய நீயே எதுக்கு ஏலம் எடுக்க? பதினொண்ணு!" என்று அண்ணாச்சி முடித்துவைத்தார். கூடையை வாங்கியவர் ஒரு முட்டையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "மக்ரூனுக்கு இப்படிப் புது முட்டையாத் தேடித்தான் அலையுதேன். ஏ தாயி, தெனம் எத்தன குடுப்பே?"

"ஏழு அண்ணாச்சி" என்றாள் மைனி. குரல் கோயில் மணி மாதிரி இருந்தது.

தவிடும் பேக்கரித் தூளும் மீன் கழிவும் போட்டு வளர்த்தது போக, மாதம் நாற்பது ரூபாய்க்குக் குறையாமல் நின்றது. ஜூனில் நான் நாசரேத் ரயில் ஏறினேன். மணியார்டர் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கூப்பனில் மைனி என்னை விசாரித்து ஒரு வார்த்தை எழுத மாட்டாள். கோழிகளின் சுகத்தைத்தான் எழுதுவாள். விடுதியில் ஒருத்திக்கு ராமநாதபுரத்திலிருந்து பணம் வரும், ஒருத்திக்குச் சிலோனிலிருந்து வரும். எனக்குக் கோழிக்கூட்டிலிருந்து வருகிறது என்று நானே பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

முதல் சம்பளத்தை மைனி கையில் கொடுத்த அன்றைக்கு அவள் எனக்குக் கொடுத்ததுதான் இந்தத் தாள். அண்ணன், ஆபீசில் செய்வது போல, அவள் பக்கத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அதற்குக் கீழே மைனியின் உருண்டை எழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது. வரவு: டீச்சர் ஒன்று.

அண்ணன் இப்போது இல்லை. மைனி இருக்கிறாள், அதே வீட்டில், அதே அதிகாரத்தோடு. போன வாரம் ஃபோன் செய்து, மறுபடியும் நாலு கோழி வளர்க்கப் போவதாகச் சொன்னாள். ஆற்று மணல் இப்போது கண்ணில் காணக் கிடைப்பதில்லை, யோசித்துச் செய் என்றேன். "அந்தப் பழைய தாள எடுத்து வாசி, பாப்போம்" என்றாள். பலகையிலிருந்து மறந்தது வரைக்கும் வாசித்தேன். கடைசி வரியையும் வாசித்தேன்.

"ஏளா, அதுல ஒரு தப்பு இருக்கு. நீ எட்மாஸ்டராத்தான ரிட்டயர் ஆன? திருத்து."

முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளின் தாளைத் திருத்திய சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். டீச்சர் என்பதை அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினேன்.