சந்தனக் கறை படிந்த பெட்டி

இவ்விவகாரம் தொடங்கியபோது, ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனி ஒன்றில் பொறியியல் பிரிவின் தலைவனாக இருந்தேன். தோட்டத் தொழிலாளரின் லய வீட்டில் பிறந்து, கல்லூரியில் பொறியியல் கற்று, அந்நாற்காலிக்கு வந்தவன். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் விற்க எந்தக் கடைக்கு அங்கீகாரம் உண்டென்பதை என் தணிக்கையே தீர்மானித்தது. அதில் எவரும் குறை கண்டதில்லை.

ஹட்டன் கடைத்தெருவிலிருந்த முஸ்லிம் வணிகர் ஒருவருக்கு அங்கீகாரம் பெற்றுத் தந்தவன் நானே. உற்பத்தியாளரின் முகவரிடம் மட்டுமே பொருள் எடுக்க வேண்டுமென்பது நிபந்தனை. ஆண்டுதோறும் அவருடைய இருப்பறையைப் பார்வையிடுவேன். அவர் வரவழைக்கும் தேநீரை அருந்தாமலே திரும்புவேன்.

டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் கொழுந்து வாட்டும் காற்றாடியின் பேரிங் உடைந்தது. அவ்வணிகரின் கடையில் வாங்கிப் புதிதாகப் பொருத்தியது. தெறித்த துண்டு ஒரு தொழிலாளியின் கன்னத்தைக் கிழித்தது, கண் தப்பியது.

அதே கடையிலிருந்து அதனுடன் வந்த இன்னொரு பேரிங் பிரிக்கப்படாமல் களஞ்சியத்தில் இருந்தது. பெட்டி, அச்சு, ஒட்டுத்தாள் யாவும் அசல். பெட்டியைப் பிரித்து விரித்தேன். மடிப்பினுள்ளே மஞ்சள் கறை. முகர்ந்தேன், சந்தனம்.

ஆயுத பூசையன்று எங்கள் தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்கு மட்டுமன்றி, களஞ்சியத் தட்டிலுள்ள உதிரிப்பாகப் பெட்டிகளுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். வேறெங்கும் அவ்வழக்கத்தை நான் கண்டதில்லை.

"என்னங்கய்யா, பாய் கடையிலயும் ஆயுத பூச வச்சிருக்காங்களா?" என்றார் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பெட்டி முன்பே எங்கள் தொழிற்சாலை ஒன்றில் இருந்திருக்கிறது. பேரிங்கை எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியைப் பழைய பேப்பர் வாங்குபவனிடம் போட்டிருக்கிறார்கள். எவனோ அதைத் துடைத்து, போலியை உள்ளே வைத்து, மீண்டும் ஒட்டியிருக்கிறான்.

மறுநாள் கடைக்குச் சென்றேன். வணிகர் மறைக்கவில்லை.

"ஏஜென்ட்கிட்ட சாமான் இல்ல சேர். தோட்டத்துல இருந்து ஒரே கோல், இப்பவே வேணும்னு. கொழும்புல வேற ஒருத்தர்கிட்ட எடுத்தேன். பொட்டி ஒரிஜினல்தானே?"

"பெட்டி ஒரிஜினல்தான். அதுதான் பிரச்சினை."

"நீங்கதானே என்னைய லிஸ்ட்ல போட்டீங்க. நீங்களே வெட்டுவீங்களா? தோட்டம் இல்லன்னா இந்தக் கடையில என்ன சேர் ஓடும்?"

அன்றும் தேநீர் வந்தது. ஆறிப்போகும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு பரிந்துரைகளை எழுதினேன். கடையின் அங்கீகாரத்தை நீக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலைகள் வெறும் பெட்டிகளைக் கிழித்த பின்னரே வெளியே விட வேண்டும். முதலாவதை நிர்வாகம் உடனே நிறைவேற்றியது. இரண்டாவது, கம்பனியே குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறதென்று கூட்டத்தில் ஒதுக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் அவர் கடையைப் பூட்டினார்.

அக்கடையின் பின்னறையில் போலிப் பேரிங் செய்ததாகவும், நான் அதைக் கையும் களவுமாகப் பிடித்ததாகவும் ஹட்டனில் இன்றும் சொல்கிறார்கள். அங்கே எதுவும் செய்யப்படவில்லை. நான் எவரையும் பிடிக்கவும் இல்லை. அங்கீகாரமற்ற ஒருவரிடம் வாங்கியதற்காக அவர் நீக்கப்பட்டார். பெட்டி எங்களுடையது.